மூளையை மாற்றியதும் மயங்கி விழும் கம்ப்யூட்டர்

லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் மகன், தன் கம்ப்யூட்டரின் மூளையான புரோசசரை எடுத்துவிட்டு, அதே பலகையில் இன்டெல் 13-ஆம் தலைமுறை ஐ-7 ஒன்றைப் புதிதாக வாங்கிப் பொருத்தினானாம். சில மாதம் நன்றாக ஓடியது. இப்போது வேலை நடுவே திரை உறைந்து நிற்கிறது. சில வேளை தானாக அணைந்து மறுபடி எழுகிறது. படிப்பு முடிக்கும் வேலையை அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். பட்டணத்துக் கடையில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, 900 வெள்ளி ஆகும் என்றார்களாம். "போனஸ் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா? இவன்தான் நோண்டிக் கெடுத்தான் என்று அப்பா பேசுவதே இல்லை" என்று கேட்கிறார்.

அம்மா, பணத்தை இப்போது எடுக்காதீர்கள். பையன் மீதும் பழி போடவேண்டாம். அவன் வாங்கிய அந்த வகைக்கே ஒரு கதை இருக்கிறது.

இன்டெல் நமக்குப் புதிய பெயரல்ல. 1972-லேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்த கம்பெனி அது. அதன் 13-ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் புரோசசர்கள் 2022-இலும், 14-ஆம் தலைமுறை 2023-இலும் கடைக்கு வந்தன. 2024 தொடக்கத்தில் உலகெங்கும் இதே புகார். விளையாட்டுப் பிரியர்களின் திரையில் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று செய்தி வரும். உடனே அவர்கள் கார்டைச் சந்தேகிப்பார்கள். கார்டை மாற்றியும் நோய் தீராதவர்கள் பலர். கடைசியில் குற்றவாளி புரோசசரே என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். தனக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று புரோசசரே பலகையிடம் கேட்டு வாங்கும். அப்படிக் கேட்பதற்கு அதனுள் எழுதப்பட்டிருந்த கட்டளையில் பிழை. வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டது, பலகையும் கொடுத்தது. அதனால் உள்ளே தாளம் போட்டுக் கொடுக்கும் மின்சுற்று காலத்துக்கு முன்பே தேய்ந்தது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஆழ வெட்டினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். பிறகு அந்த இடத்தில் நல்ல பட்டை எழும்பாது.

2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்திய கட்டளைகளை வெளியிட்டது. 2025 மே மாதம் இன்னொன்றும் வந்தது. அவை பலகையின் பயாஸ் வழியாக உள்ளே போகும். பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்தவுடன் படிக்கும் முதல் பாடம். அந்தத் திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்கும். முன்பே தேய்ந்துபோனதைச் சரிசெய்யாது. பலர் ஏமாறும் இடம் இதுவே.

ஆனால் உங்கள் மகன் வீட்டு நோயும் இதுவேதான் என்று நான் இங்கிருந்து சொல்லிவிட முடியாது. வேறு காரணங்களும் உண்டு. ஆகவே தம்பிக்கு நேராகவே சொல்கிறேன்.

முதலில் உன் பாட வேலைகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வெளியே வை. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் தேதியோடு குறி. புல்வெட்டும் மெஷின் கிளம்பாதபோது பிளக், பெட்ரோல், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது அல்லவா?

சூடு பார். கனமான வேலை ஓடும்போது 100 டிகிரியைத் தொடுகிறது என்றால், குளிர்விக்கும் விசிறி சரியாக உட்காரவில்லை, அல்லது நடுவில் பூசும் பசை போதவில்லை. விசிறியின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்களும் உண்டு, சிரிக்காதே. மின்சாரம் தரும் பெட்டி பழைய புரோசசருக்கென வாங்கியது. புதியது அதிகம் குடிக்கும், அதற்குப் பெட்டி ஈடுகொடுக்கிறதா பார். நினைவகத் துண்டு இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டு, மறுநாள் மற்றதை ஓட்டு.

அடுத்தது பயாஸ். விண்டோஸில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடினால் அதன் தேதி தெரியும். 2024 செப்டம்பருக்கு முந்தியது என்றால் பலகைக் கம்பெனியின் பக்கத்திலிருந்து புதியதை இறக்கிப் போடு. போட்டுவிட்டு எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பு. இதைக் காலையில் செய். நம் சிகாமட் வட்டாரத்தில் மாலையானால் இடி எப்போது இடிக்கும், கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பயாஸ் ஏறும்போது கரண்டு போனால் பலகையே படுத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மயக்கம் தீரவில்லையா? பழைய புரோசசரை எடுத்து மாட்டு. கடைகளில் பெரும்பாலும் செய்யாத சோதனை இது, ஆனால் செலவில்லாதது. (அதை விற்றிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.) கழற்றும்போது பலகையின் குழியில் உள்ள மெல்லிய கம்பிகளை வெளிச்சத்தில் பார்; ஒன்று வளைந்திருந்தாலும் இதே தொல்லை வரும். கையால் தொடாதே. பழையதைப் போட்டு அதே கனமான வேலையை இரண்டு நாள் ஓட்டு. மயங்காமல் ஓடினால் கார்டு நல்லது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்; 900 வெள்ளி மிச்சம். பழையதிலும் மயங்கினால் கார்டு, பலகை, மின்பெட்டி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அப்போதும் கடையில் வேறொரு கார்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் பிறகு காசு கொடுங்கள்.

புதிய புரோசசர்தான் குற்றவாளி என்றால், அம்மா, இன்னொரு செய்தி. பாதிக்கப்பட்ட அந்த வகைகளுக்கு இன்டெல் 2024-இல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு கூட்டியது. பெட்டியோடு வாங்கியதற்கு மூன்றாண்டாக இருந்தது ஐந்தாண்டு ஆயிற்று. ரசீது, பெட்டி, புரோசசர் மேல் பொறித்த எண், தம்பியின் நோட்டு, இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு கேட்கவேண்டும். பெட்டியில்லாமல் வாங்கியிருந்தால் வாங்கிய கடையில்தான் கேட்கவேண்டும்.

கடையில் கை விரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதால் ரசீதின் தேதியை இன்றே பாருங்கள். கடை ரசீதுகளின் மை நம் ஊர் வெக்கைக்கு ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். ஒரு நகல் எடுத்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.