பாட்டில் வராத சுரம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பேண்டு வாத்தியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது சரிகை வைத்த சிவப்புச் சட்டையும் டிரம்பெட்டும்தான். வரிசையின் கடைசியில் பெரிய பித்தளைக் குழலைச் சுமந்து வருகிறவரை யார் பார்க்கிறார்கள்? என் தாய்மாமன் அப்படிக் கடைசியில் வருகிறவர், டியூபா ஊதுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகங்கள் அவர் ஊதிச் சம்பாதித்தவை. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் அவர் பழகுவது பாட்டு அன்று. மிகத் தாழ்ந்த ஒரே சுரம். ‘பெடல்’ என்பார்கள். பி-ஃபிளாட் டியூபாவின் குழலை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 18 அடி. வால்வு எதையும் அழுத்தாமல் அதில் எழும் அடிச்சுரத்தின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 29. செவியின் கீழ் எல்லை 20 என்று படிக்கிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அந்த வாசலில் நிற்கும் ஒலி அது.

“கல்யாணப் பாட்டுல இது எங்க மாமா வருது?” என்று கேட்டேன்.

“வராதுடா. இதை ஊதாம விட்டா, பாட்டுல வர்ற சுரம் ஆடும்.”

உதடு இறுகியிருந்தால் இச்சுரம் பிறக்காது. கன்னத்தை உப்பி ஓங்கி ஊதினாலும் வெறும் காற்றுதான். உதடு தளர வேண்டும், ஆனால் ஓரங்கள் பிடி விடக்கூடாது. மூச்சு நிறைய, நிதானமாகப் போக வேண்டும். அந்தத் தளர்ச்சியோடு மேலே திரும்பினால் வழக்கமான சுரங்கள் அகன்று, அசையாமல் ஒலிக்கின்றன. இதைக் கேட்டறிய எனக்கே ஓராண்டு பிடித்தது.

இப்போது வீட்டுக்காரர், ஊதுவதை நிறுத்து அல்லது வீட்டைக் காலி செய் என்கிறார். 1964இல் தொழிற்பேட்டை வந்தது முதல் இரும்புச் சத்தத்தோடு வாழப் பழகிய ஊர் அம்பத்தூர். லேத்துச் சத்தத்தைப் பிழைப்பு என்று பொறுக்கிறோம். மாமாவின் சத்தம் மட்டும் பிழைப்பு இல்லையா? ஆயினும் அண்டை வீட்டார் பக்கமும் நியாயம் உண்டு. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் கடக்கும். ஜன்னலைச் சாத்தினால் நிற்காது. இரவுப் பணி முடித்து உறங்குகிறவர் என்ன செய்வார்? குழல் வாயில் மியூட் செருகி ஊதலாமே என்றார் ஒரு விரிவுரையாளர். அது மூச்சை எதிர்த்துத் தள்ளும். முதலில் தடுமாறுவதும் அடிச்சுரம்தான்.

மாமா கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போகிறார். ஐப்பசி மழையில் அதுவும் இல்லை.

நம் விளையாட்டு விழா அணிவகுப்புக்குப் பேண்டை அழைக்கிறோம். ஞாயிறு காலைகளில் அதே திடலும் பார்வையாளர் கொட்டகையும் காலியாகக் கிடக்கின்றன. இரண்டு மணி நேரம் இவ்வட்டாரத்துப் பேண்டுக் கலைஞர்களுக்கு அதைத் திறந்துவிட்டால் என்ன? வாடகையாக, ஒலியியல் வகுப்புக்கு டியூபாவைக் கொண்டுவர மாமா சம்மதித்திருக்கிறார். காற்றுத் தம்பச் சோதனையில் ஒரு முழக் குழாயில் கண்ட ஒத்ததிர்வை 18 அடியில் கேட்கலாம். முதல்வர் அவர்களுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் நண்பர்கள் மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்துக்கு வாருங்கள்.