எழுதாத கணக்கு எவருக்கும் சொந்தமில்லை!



ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளியின் படியிறங்கும்போது ஓர் இளைஞர் கையைப் பற்றிக்கொண்டார். "ஹஜ்ரத், என் அத்தாவின் பங்கை வாங்கித் தாருங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் ஆரணியில் பல ஆண்டுகள் சேர்ந்து பட்டுச் சேலை வியாபாரம் செய்தவர்கள். தந்தை மௌத்தாகி நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்போது இவருக்கு 20 வயது. "இத்தா முடியட்டும், அக்காவின் நிக்காஹ் முடியட்டும், பிறகு பேசிக்கொள்வோம்" என்று தாயார் பொறுத்திருந்தார். இன்று சிறிய தந்தை சொல்கிறார்: "உன் அத்தா என்னிடம் சம்பளத்துக்கு இருந்தவர்தானே!"

ஜமாஅத் கூடியது. பத்திரம் எங்கே? இல்லை. கணக்கு நோட்டு? ஒருவர் கையெழுத்தில் மட்டும். முதல் போட்டபோது உடனிருந்த சாட்சிகள்? இருவரும் கப்ருக்குப் போய்விட்டார்கள். வக்கீலிடம் போனால் அங்கும் கதவு சாத்தியிருந்தது. கலைந்துபோன கூட்டு வியாபாரத்தில் கணக்குக் கேட்டு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்றே ஆண்டுகள்!

இந்த அநியாயத்துக்கு யார் பொறுப்பு? சிறிய தந்தை மட்டுமா? எழுதாமல் விட்ட தந்தையும்தான். அதைக் கண்டும் காணாமல் இருந்த நாமும்தான்!

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், தவணையிட்ட கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சோம்பல் படாதீர்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று ரப்புல் ஆலமீன் கற்றுத் தருகிறான். கைக்குக் கை முடியும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டுமே எழுதுவதில் சலுகை. ஹுதைபிய்யாவில் எதிரிகளோடு செய்த உடன்படிக்கையைக்கூட நபி (ஸல்) அவர்கள் எழுதச் செய்தார்கள். நாமோ, "அண்ணன் தம்பிக்குள் பத்திரமா? அது சந்தேகப்படுவது ஆகாதா?" என்கிறோம். எழுதுவது சந்தேகத்தால் அல்ல. நாளை நம் பிள்ளைகள் சண்டையிடாமல் இருப்பதற்காக!

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி வாய்மொழிக் கூட்டும் செல்லும்தான். ஆனால் அதன் 69-வது பிரிவைப் பாருங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், சரக்கு வாங்கி ஏமாற்றிய வெளியாள் மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது. பங்காளியும் தம் ஒப்பந்த உரிமைக்காகப் பங்காளி மீது வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த பின் கணக்குக் கேட்கவும் மட்டுமே வழி உண்டு.

1955-ல் இரு வியாபாரிகள் மாங்கனீசுத் தாது ஏற்றுமதிக்குக் கூட்டுச் சேர்ந்தார்கள். தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பார் என்று எழுதியும் வைத்தார்கள். பதிவு மட்டும் செய்யவில்லை. தகராறு வந்தது. மத்தியஸ்தரை நியமிக்கக் கேட்ட மனுவே செல்லாது என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுதான் கஜாரியா டிரேடர்ஸ் வழக்கு. எழுதியவருக்கே இந்த நிலை என்றால், எழுதாதவர் கதி என்ன?

பங்குதாரர் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் கூட்டு கலைந்துவிடும். இருவரே பங்குதாரர் என்றால் எப்படியும் கலைந்தே போகும். இறந்தவரின் பங்கு ஷரீஅத் முறைப்படி வாரிசுகளுக்குச் சேர வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் பொதுவாக இந்த உரிமையைக் காக்கிறது. ஆனால் மொத்தப் பங்கே எவ்வளவு என்று தெரியாதபோது எட்டில் ஒன்றை எங்கிருந்து பிரிப்பது?

கடனுக்குச் சரக்கு விடும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கிக்கும் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பம் வாங்கினால் கெடு புதிதாகத் தொடங்கும். செக் பணமில்லாமல் திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். "முகத்தாட்சண்யம்" என்று மாதங்களைக் கடத்தினால் நஷ்டம் நமக்கே.

சொந்தமாகத் தறி வைத்து உற்பத்தி செய்வோர் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளலாம். பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு என்கிறது அச்சட்டம். வட்டி நமக்கு ஹராம். அதைத் தொட வேண்டாம். ஆனால் அசல் நம் ஹக்கு. அதைக் கேட்பதற்கு வெட்கப்படுவானேன்?

இன்னொன்று: ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேறு ஊர்ச் சேலைக்கு இந்தப் பெயரை ஒட்டுவது குற்றம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது மோசடி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைத்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்ததை மறந்துவிடலாமா?

இளைஞர்களே! உங்கள் வீட்டுக் கடைக்குப் பத்திரம் இருக்கிறதா என்று இன்றே பெரியவர்களிடம் அதபோடு கேளுங்கள். இல்லையென்றால், யார் முதல் எவ்வளவு, லாபம் எப்படி, ஒருவர் மௌத்தானால் என்ன என்பதை முத்திரைத்தாளில் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மஹல்லா ஜமாஅத்துகளே! நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கிறோம். மாதம் ஒருநாள் ஒரு வக்கீலையும் ஓர் ஆலிமையும் பள்ளியில் உட்காரவைத்து, நம் வியாபாரிகளின் பத்திரங்களைச் சரிபார்க்க முடியாதா?

அந்த இளைஞருக்கு ஜமாஅத்தால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது. அடுத்து வருபவருக்காவது ஹக்கை வாங்கித் தரும் ஜமாஅத்தாக நம்மை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக!