ஜெயித்தவர் ஏன் விலகினார்?

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக் கோஷ்டியின் பயிற்சியாளர் சாமானியமான மனிதரல்ல. சில மாகாணங்களில் கவர்னரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம். அப்படிப்பட்ட பதவியை 55-வது வயதில், ஒருவரும் போகச் சொல்லாமலே உதறிவிட்டுப் போனார் டோனி பென்னெட். இது 2024 அக்டோபரில் நடந்தது. ஆட்டப் பருவம் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் 2030 வரை புது ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்!

வர்ஜீனியா சர்வகலாசாலையில் 15 ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். 364 வெற்றிகள். அவருடைய ஆட்டம் நிதானமானது. வேகத்தை விரும்புகிறவர்கள் அதைக் கண்டு கொட்டாவி விட்டதுண்டு. கூடைக்கருகே ஐந்து பேரும் நெருங்கி நின்று எதிரியை மறிக்கும் முறை அது. தகப்பனார் டிக் பென்னெட்டிடம் கற்றது. இதில் ஒரு நாளில் தேர்ச்சி வராது. ஒரே பையன்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும்.

2018-ல் அவருக்குப் பெரிய அவமானம் வந்தது. தேசியப் போட்டியில் முதல் வரிசைக் கோஷ்டியைப் பதினாறாவது வரிசைக் கோஷ்டி அதுவரை 135 ஆட்டங்களில் ஒரு முறைகூட வென்றதில்லை. பால்டிமோரின் ஒரு சிறு கல்லூரி வர்ஜீனியாவை 74–54 என்று வீழ்த்தியது. நாடே சிரித்தது. ஆனால் தோற்ற பையன்களில் முக்கியமானவர்கள் ஓடிப் போகவில்லை. மறு ஆண்டே சாம்பியன் பட்டம் வென்றார்கள். பென்னெட்டுக்குச் சம்பள உயர்வு தர முன்வந்தார்கள், வேண்டாம் என்றார். உதவியாளர்களுக்குக் கொடுங்கள் என்றார்.

என்ன மாறியது?

2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும் என்ற விதியும் போயிற்று. 2025 ஜூனில் கோர்ட்டு ஏற்ற ஒரு சமரசத்தின்படி, சர்வகலாசாலையே தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை பங்கு கொடுக்கலாம்.

இது அநியாயமா? இல்லை என்றே சொல்வோம். டெலிவிஷன் பணத்தில் கட்டடம் எழும்பிற்று, பயிற்சியாளர்கள் செல்வந்தரானார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனுக்கு மட்டும் படிப்பும் சாப்பாடும் போதும் என்பது எந்த ஊர் நியாயம்? கூடுதலாகக் கொடுக்கும் கல்லூரிக்கு அவன் போனால் அவனைக் குறை கூற முடியாது. பயிற்சியாளரும் அப்படித்தானே போகிறார்!

பென்னெட்டும் மாணவருக்குப் பணம் தருவதை எதிர்க்கவில்லை. இந்தப் புதிய ஏற்பாட்டுக்குத் தாம் ஏற்றவரல்ல என்றே சொன்னார். பேரம் பேசுவது ஒரு தொழில். கற்பிப்பது வேறு தொழில். ஆனாலும் அவரை நம்பிச் சேர்ந்த பையன்களை நட்டாற்றில் விட்டது சரியல்ல. வசந்த காலத்திலேயே சொல்லியிருந்தால் அவர்கள் வேறிடம் பார்த்திருப்பார்கள். தகப்பனாரும் 2000-ல் மூன்றே ஆட்டங்கள் ஆனவுடன் இப்படித்தான் விலகினார்!

உதவியாளரிடம் ஒப்படைத்த அந்தப் பருவத்தில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 2025 மார்ச்சில் புதிய பயிற்சியாளரை நியமித்தார்கள். அவர் பெயர் ரயன் ஓடம். 2018-ல் வர்ஜீனியாவைக் கவிழ்த்த அந்தச் சிறு கல்லூரிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவரேதான்! வந்ததும் கோஷ்டியைப் புதிதாகத் திரட்டினார். அதில் பெரும்பாலோர் பிற கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள்.