அறிவியல் பூங்காவும் நம் மஹல்லாவும்

 

தொழில்நுட்பப் பூங்கா என்றால் சென்னை, தரமணியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்காவே நெடுங்காலம் நம் நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் கோவைக்கும் ஒன்று கிடைத்தது. இப்போது மினி டைடல் என்னும் பெயரில் சிறிய பூங்காக்கள் மாவட்டங்களைத் தேடி வருகின்றன. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய மூன்றிடங்களிலும் 2024இல் அவை திறக்கப்பட்டன. அதிராம்பட்டினம், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி போன்ற தஞ்சை மாவட்டத்து ஊர்களில், தலைமுறை தலைமுறையாகச் சபுர் போய் வந்த குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று. பெற்றோரையும் மனைவி மக்களையும் பிரியாமல், சொந்த ஊரிலிருந்தே ஹலாலான சம்பாத்தியம் தேட வழி பிறக்குமா என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

வழி பிறக்கலாம்; ஆனால் கட்டடம் எழும்பியதாலேயே அது பிறந்துவிடாது. ஒரு பூங்கா எங்கு அமைந்தாலும், அவ்வட்டார மக்கள் எவ்வளவு கற்றுத் தேர்ந்திருக்கிறார்களோ அவ்வளவே அதனால் பயன்பெறுகிறார்கள். இதனை விளங்கிக்கொள்ள நமக்கு நன்கு அறிமுகமான பினாங்கையே எடுத்துக்கொள்வோம்.

தமிழ் முஸ்லிம்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வரும் தீவு அது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. துறைமுக வணிகத்தால் செழித்த பினாங்கு, 1969இல் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் சரிந்தது, இளைஞர்கள் வேலையின்றித் தவித்தனர். அவ்வாண்டு முதலமைச்சர் பொறுப்பேற்ற லிம் சோங் இயூ, மின்னணுத் தொழிலை வரவழைக்க முற்பட்டார். 1972இல் பாயான் லெப்பாஸ் பகுதியில் தீர்வையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் தொடங்கியது. கிராமங்களிலிருந்து வந்த மலாய் இளம்பெண்கள் பல்லாயிரவர் அத்தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர்.

தொழிற்சாலைகள் பெருகியபோது தேர்ந்த தொழிலாளர் பற்றாக்குறை தலைதூக்கியது. மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வியாளரும் கைகோத்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினர். எந்த இயந்திரத்தில் எந்தப் பயிற்சி தேவை என்பதை நிறுவனங்களே கூற, அதற்கேற்பப் பாடங்கள் அமைந்தன. கடலுக்கு அக்கரையில், கெடா மாநிலத்தின் கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா ஒன்றும் திறக்கப்பட்டது. இன்று உலகின் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது.

இது பெரும் சாதனையே. ஆயினும் சில்லுத் தொழிலில் மிகுந்த ஆதாயம் தருபவை வடிவமைப்பும் நுண்ணிய உற்பத்தியும்தாம். அவ்விரண்டிலும் முன்னே சென்ற ஊர், தைவானின் சின்ச்சு. அங்கே அறிவியல் பூங்கா 1980இல்தான் தொடங்கிற்று. பினாங்கு அதற்கு எட்டாண்டு மூத்தது. பிறகு எவ்வாறு இளையது முந்தியது?

பூங்காவுக்கு முன்பே அங்கே கல்வி வேரூன்றியிருந்தது. சிங் ஹுவா, சியாவ் துங் என்னும் இரு பல்கலைக்கழகங்களின் பக்கத்திலேயே பூங்காவுக்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அரசு 1973இலேயே அமைத்திருந்தது. 1976இல் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, இளம் பொறியாளர்களை அங்கு அனுப்பிச் சில்லு செய்யும் கலையைக் கற்றுவரச் செய்தது. அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் பலரும் தாயகம் திரும்பிப் பூங்காவில் நிறுவனங்கள் தொடங்கினர். அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1987இல் பிறந்த டி.எஸ்.எம்.சி., இன்று உலகமே நம்பியிருக்கும் சில்லு உற்பத்தி நிறுவனமாகத் திகழ்கிறது. பினாங்கில் தொழிற்சாலை முதலில் வந்தது, கற்பித்தல் பின்னர் வந்தது. சின்ச்சுவில் கற்பித்தல் முந்தியது.

நம் மாநிலத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010இல் தொடங்கியபோது, ஆசிரியரும் மாணவரும் தொழில் நிறுவனத்தாரும் ஒரே வளாகத்தில் கலந்து பணியாற்றவே திட்டமிடப்பட்டது. மாவட்டப் பூங்காக்களும் அருகிலுள்ள கல்லூரிகளோடு இவ்வாறு இணைய வேண்டும். இல்லையேல் பொறியாளர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். நம் பிள்ளைகள் வாயிற்காவலிலும் உணவகத்திலும் நிற்பார்கள். உழைப்பு எதுவாயினும் கண்ணியமானதே. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் வாயிலிலேயே நின்றுவிடலாகாது.

உலகக் கல்வியைத் தேடுவது தீனுக்குப் புறம்பான ஆசை என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்துள்ளார்கள். அதாவது, ஊரில் சிலராவது அதனைக் கற்றுத் தேறவில்லையெனில் அனைவரும் குற்றவாளியாவர். எல்லோரும் சட்ட விவாதங்களைக் கற்கவே முந்திச் செல்ல, முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருப்பதை அவர்கள் கவலையோடு சுட்டிக்காட்டினார்கள். மதரஸாவில் கித்தாபு ஓதிக்கொடுக்கும் நாமே இதனைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஆகவே நம் ஜமாஅத்துகளின் முன்னே நான்கு காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, கல்வி நிலையங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியை 1919இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951இலும் நம் முன்னோர் நிறுவினர். தோல் வணிகத்தாலும் பிற வணிகத்தாலும் ஈட்டிய பொருளை அவர்கள் கல்வியில் இட்டார்கள். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருவாயாலேயே நடந்தது. அங்கே மருத்துவமும் போதிக்கப்பட்டது. வாகிஃப் விதித்த நிபந்தனையை மாற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் இனி வக்ஃபு செய்ய நாடுவோர், ஆய்வுக்கூடத்தையும் பயிற்சி மையத்தையும் தம் நிய்யத்தில் சேர்த்துக்கொள்ளலாமே!

இரண்டாவது, முதலீடு. புதுத்தொழில் தொடங்கும் இளைஞனுக்கு வட்டிக்கடன் வாங்கும் நிலை வரக்கூடாது. ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பகிரும் முளாரபா முறை நம் ஃபிக்ஹில் தெளிவாக உள்ளது. தொழில் நட்டமானால், உழைத்தவர் பொறுப்பற்று நடவாத வரையில், முதலிட்டவரே அதனை ஏற்கிறார். உலகெங்கும் புதுத்தொழில்களுக்குப் பங்கு முறையில் பணம் இடுவோர் இதற்கு நெருங்கிய வழியிலேயே செல்கின்றனர். மனையிலும் கடையிலும் மட்டுமே பணத்தை முடக்கும் நம் செல்வந்தர்கள், அதில் ஒரு பங்கை ஊர்ப் பிள்ளைகளின் அறிவை நம்பி இடலாம்.

மூன்றாவது, நம் பெண்மக்கள். கணினியியலில் பட்டம் பெற்றும், வெளியூர் அனுப்ப மனமில்லாததால் அக்கல்வியைப் பயன்படுத்தாது வீட்டிலிருப்போர் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்! வீட்டிலிருந்து சென்று மாலையில் திரும்பும் தொலைவில் பூங்கா வருமாயின், அவர்களுக்கே அதனால் நன்மை அதிகம். பாதுகாப்பான பேருந்து, தொழ ஓர் இடம், முறையான வேலை நேரம் ஆகியவற்றை ஜமாஅத் நிர்வாகிகள் நேரில் சென்று கேட்டுப் பெற வேண்டும். வெறுமனே தடுப்பதைவிட இது பொறுப்புள்ள செயலாகும்.

நான்காவது, நீதி. வளர்ச்சியின் பெயரால் எளியோரின் வாழ்வாதாரம் பறிபோகலாகாது. பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் எழுப்பும் திட்டத்தை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். 2023இல் அது ஒரு தீவாகச் சுருக்கப்பட்டது. அதற்குச் சிலிக்கான் தீவு என்று பெயர். தம் மீன்பிடி நீர்நிலையை இழப்பவருக்குச் சில்லுத் தொழிலால் என்ன பயன் என்று கேட்க வேண்டியது ஈமானுள்ளவர் கடமை. நம் பகுதியிலும் விளைநிலமோ நீர்நிலையோ பூங்காவுக்காகக் கேட்கப்பட்டால், நிலத்துக்குரியவர் எம்மதத்தினராயினும் அவருக்கு உரிய விலை கிடைக்க நாம் துணைநிற்க வேண்டும். அநீதியாகப் பெற்ற நிலத்தில் பரக்கத் இராது.

எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பட்டம் பெற இன்னும் எட்டு ஆண்டுகளேனும் ஆகும். அதற்குள் இப்பூங்காக்கள் நிலைபெற்று, மேலும் பல ஊர்களில் தோன்றியிருக்கும். அவற்றுள் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் இருப்பர் என்பதை, இன்று அவர்களின் கணிதப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் நாம் தரும் கவனமே பெரிதும் தீர்மானிக்கும். வருகின்ற ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் பத்து நிமிடம் அமர்ந்து, ஊரில் எத்தனை மாணவர் மேல்நிலையில் அறிவியல் பயில்கின்றனர், எத்தனை பேர் வசதியின்றி இடையில் நின்றனர் என்று கணக்கெடுக்கத் தொடங்கட்டும்.

பயனுள்ள கல்வியையும் தூய்மையான ரிஸ்கையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.