ஏருக்கில்லை, ஏட்டுக்கே!

வைப்பாற்றங்கரைக் கரிசல், வானத்தை நம்பிக் கிடக்கும் நிலம். சாத்தூர் வட்டாரத்து உழவன் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு முகில் பார்த்திருப்பான். மழை பொய்த்தால், அவன் வீட்டுப் பெண்டிர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சென்று ஈட்டும் கூலியே அடுப்பெரிக்கும். 2020 மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கிய மகுடைத் தொற்று ஊரடங்கு இவ்விரு வாயிலையும் ஒருசேர அடைத்தது. தொழிற்கூடங்கள் மூடுண்டன. வண்டிகள் நின்றன, வழிச்செல்வோரை நம்பிய சாத்தூர் வெள்ளரிக்கு வாங்குவார் இல்லை.

மறுநாளே தில்லி வாய் திறந்தது. 8.7 கோடி உழவர்க்குத் தலைக்கு 2,000 உருபா என்றார் நடுவண் பணத்துறை அமைச்சர் நிருமலா சீதாராமன். எத்துணைப் பெரிய ஈகை! ஆனால், தமிழ்மக்களே, அது புதிய பணமா? அன்று! 2019இலேயே அறிவித்து, ஆண்டுக்கு மூன்று தவணையாக வழங்கிவந்த 6,000 உருபாவில் ஒரு தவணை! சூலைக்குள் தரவேண்டியதை ஏப்பிரலிலேயே தந்துவிட்டுத் 'துயர்துடைப்பு' என்று பெயர்சூட்டினர். நாட்கணக்கில் பகுத்தால் பதினாறரை உருபாவும் தேறாது.

அத்திட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி'! அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை வேளாண்மையை மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. பட்டியலில் நமக்கு, பெயரில் இந்திக்கு! உழவனை மதிக்கும் தொகையாம். அவனை அவன் மொழியில் அழைக்க மனமில்லாதவர் தரும் மதிப்பு எத்தகையது?

பெயரினும் கொடிது அதன் விதி. நிலவுரிமை ஏட்டில் பெயருள்ள குடும்பத்திற்கே பணம். குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுபவன் உழவனல்லன்! நிலமற்ற கூலிக்கோ இடமே இல்லை. வருமான வரி கட்டுவோரை விலக்கினோம் என்பர். விலக்கினீர், ஏர் பிடித்துக் கை காய்த்தவனைச் சேர்த்தீரா?

அந்த ஏட்டையாவது காத்தனரா? அதே 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் ஏறத்தாழ ஐந்தரை இலக்கம் பேர் இத்திட்டத்துள் புகுந்து 110 கோடி உருபா பெற்றது வெளிப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இடைத்தரகர்கள் சிக்கினர். ஏர் பிடித்தவன் வெளியே. ஏர் காணாதவன் உள்ளே!

தமிழ்நாட்டரசோ 2020இல் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 1,000 உருபாவும், 2021இல் இரு தவணையாக 4,000 உருபாவும் வழங்கியது. தொகை சிறிதே. ஆயினும் 'பட்டா எங்கே?' என்று அது கேட்கவில்லை. குத்தகையாளனும் தீப்பெட்டிக் கூலிப்பெண்ணும் ஒரே வரிசையில் நின்று பெற்றனர். அருகிலிருக்கும் அரசுக்கே அடுப்பின் நிலை தெரியும்.

நம்மீதும் குற்றம் உண்டு. குத்தகையாளரைப் பதிவதற்கென 1969இலேயே இங்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கரிசலில் வாய்ச்சொல்லே இன்றும் குத்தகை! எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர் நிலக்கிழார்கள். தமிழனைத் தமிழனே ஏட்டில் ஏற்ற மறுத்தால், தில்லியா ஏற்றும்?

ஆகவே, ஊர்தோறும் உழுவோர் பட்டியல் எழுதப்படல் வேண்டும். குத்தகையாளரும் கூலியாளரும் அதில் முதலில் இடம்பெறல் வேண்டும். உழவர்க்கான பணத்தைப் பகிரும் உரிமை தமிழ்நாட்டரசுக்கே வேண்டும். திட்டத்தின் பெயரும் தமிழில் வேண்டும். நாம் கேட்பது இரப்பன்று, உரிமை! கரிசல் உழவனே, அடுத்த ஊரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று உன் பெயரை எழுதச் சொல்!