ராஜபார்ட்டும் பாடத்திட்டமும்

ஒத்திகையின் முதல் நாளிலேயே புதிய மாணவருக்கு ஒரு குழப்பம் வந்துவிடும். கீழே உட்கார்ந்திருக்கும் இயக்குநர் "இடது பக்கம் போ" என்பார். மேடையில் நிற்பவர் எதிர்ப்பக்கம் நகர்வார். யாருடைய இடது? பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடதுதான் கணக்கு என்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு வழியில் போனார்கள். பாரிஸின் துய்லெரி அரண்மனை நாடகசாலையில் ஒருபுறம் முற்றமும் மறுபுறம் தோட்டமும் இருந்தன. அதனால் நடிகரின் இடப்பக்கம் 'முற்றம்', வலப்பக்கம் 'தோட்டம்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் பின்மேடையை 'மேல்' என்றும் முன்மேடையை 'கீழ்' என்றும் அழைப்பதற்குக் காரணம், பழைய ஐரோப்பிய மேடைகள் பின்புறம் உயர்ந்து, பார்வையாளரை நோக்கிச் சரிந்திருந்ததுதான்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஏதோ ஒரு தரையில் முளைத்தவை. தமிழ் மேடைக்கும் தரை உண்டு, சொற்களும் உண்டு. அவற்றைத் தொகுத்துக் கற்பிக்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் நாடகத் துறைக்கு முதலில் தலைமை ஏற்றவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. வீணாபாணி சாவ்லா மும்பையில் தொடங்கி இதே வட்டாரத்துக்குக் கொண்டுவந்த ஆதிசக்தி நாடகக் குழு, கூடியாட்டத்திலிருந்தும் களரிப்பயட்டிலிருந்தும் மூச்சுப் பயிற்சியையும் உடல் பயிற்சியையும் நடிகருக்கான பாடமாக மாற்றிக் காட்டியது.

சுவாமிகள் விட்டுச்சென்ற பெரிய சொத்து அவர் நாடகங்கள் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றி வளர்ந்த தொழில்மொழியும்தான். தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் எங்கிருந்தோ வந்து சேர்வார்கள். கூடி ஒத்திகை பார்ப்பதே இல்லை. மேக்கப் போடும் இடத்தில் நாலு வார்த்தை பேசிக்கொண்டால் உண்டு. ஆனாலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை தடங்கலில்லாமல் ஓடும். எந்தப் பாட்டுக்குப் பின் தர்க்கம், தர்க்கத்தில் யார் எங்கே விட்டுக்கொடுப்பது, ஆர்மோனியம் எப்போது சுருதியைத் தூக்கிக் கொடுப்பது என்பதெல்லாம் அத்தனை பேருக்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதே காரணம். முன்பின் பழகாதவர்களை ஒரே இரவில் ஒரு குழுவாக்கும் இந்த ஏற்பாடு, உலகின் எந்த நாடகப் பள்ளியும் வியந்து படிக்க வேண்டிய ஒன்று.

ராஜபார்ட் என்ற சொல்லில் பாதி ஆங்கிலம்தானே என்று கேட்கலாம். ஆமாம், அதில் என்ன குறை? 'பார்ட்'டை எடுத்துத் தன் மேடைக்கு வேண்டியபடி ஆக்கிக்கொண்டார்கள். இங்கே கேட்பது தனித்தமிழ்க் கலைச்சொல் அகராதி அல்ல. தொழிலில் புழங்கும் சொல், அதன் செய்முறையோடு மாணவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

தெருக்கூத்தில் 'திரை' என்றால் இரண்டு பேர் கையில் பிடித்து நிற்கும் துணி. வேஷக்காரர் அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். கிரீடத்தின் உச்சியும் சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். துணி விலகுவதற்குள் துரியோதனன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது. முகவீணையும் தாளமும் ஒலிக்க, பின்பாட்டு கூடவர, கட்டியக்காரன் எதிரே நின்று கேள்வி கேட்க, உடம்பால் அறிய வேண்டும். பிரெஞ்சு நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கினின் 'தேயாத்ர் து சொலெய்' குழு 2016இல் பாரிஸில் அரங்கேற்றிய நாடகத்துக்காகப் புதுச்சேரியில் வந்து தங்கியபோது, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்தைக் கற்றது இந்த வழியில்தான். மகாபாரதக் காட்சிகள் கூத்தாகவே அந்த மேடை ஏறின.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இருக்கிறது. மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. இன்றைய ஒளியமைப்பாளரும் அதைத்தான் பார்க்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரையிலேயே மூன்று வகை. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேரும் இன்றைய அரங்கத் திரை, பொருமுக எழினியேதான்.

டெல்லியின் தேசிய நாடகப் பள்ளிக்கோ வெளிநாட்டுக்கோ போகும் மாணவருக்கு ஆங்கிலச் சொற்கள் தேவை என்பது நியாயமான வாதம். அவற்றைச் சில நாள் ஒத்திகையிலேயே பழகிவிடலாம். திரைக்குப் பின்னால் நின்று பாடப் பழக ஆண்டுகள் வேண்டும், சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் வேண்டும்.

எனவே பல்கலைக்கழகமும் புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து, படங்களோடும் ஒலி, காணொளிப் பதிவுகளோடும் ஒரு மேடைக் கையேட்டை உருவாக்க வேண்டும். பேராசிரியர்கள் மட்டும் கூடி எழுதினால் அது அலமாரியில் தூங்கும். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களும் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கூத்து வாத்தியார்களும் அதன் ஆசிரியர்களாக இருக்க வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக அவர்கள் ஊதியத்தைக் குறைக்கவும் கூடாது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்கள் நடக்கும் கோடை மாதங்களில் அவர்களைப் பிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்து அதிகம் இருக்காது, வருமானமும் இருக்காது. கல்லூரி வகுப்புகள் மும்முரமாக நடப்பது அப்போதுதான். இந்த ஐப்பசியிலேயே அவர்களை அழைத்துத் தொடங்கலாம்.