கதிரை உயரமா, நாம் கட்டையா?



நாரிநோ, கழுத்துப் பிடிப்பு என்று எம்மிடம் வருபவர்களில் பலர் நாள் முழுக்கக் கணனி முன் இருப்பவர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பார்கள். நாம் முதலில் கேட்பது, "கந்தோர்க் கதிரையில் இருக்கும்போது பாதம் முழுதாகத் தரையில் படுகிறதா?" என்பதைத்தான். (தமிழ்நாட்டு அன்பர்களுக்கு: கதிரை என்றால் நாற்காலி, நாரி என்றால் இடுப்பு.) "விரல்நுனிதான் படும் டொக்டர்" என்று பெண்கள் பலர் சொல்கிறார்கள்.

குறை அவர்களிடம் இல்லை. அமெரிக்கத் தளபாட உற்பத்தியாளர் சங்கமான பிஃப்மா 2002இல் வெளியிட்ட கதிரை வழிகாட்டி, 1988இல் அமெரிக்க இராணுவத்தினரை அளந்த தரவுகளை வைத்து எழுதப்பட்டது. 2013இல்தான் பொதுமக்களின் அளவுகளுக்கு மாறினார்கள். இந்நாட்டுப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடி 3½ அங்குலம். இந்தியப் பெண்ணுக்கோ சுமார் 5 அடி. இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்த தேவ்குமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டது. ஹூஸ்டனில் நூறு கதிரைகளை ஒன்றாக வாங்கும் கம்பனி அதையெல்லாம் பார்க்கப் போவதில்லை.

கால் தொங்கினால் கதிரை விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், பாதம் வீங்கும். இருக்கை நீளமாக இருந்தால் முழங்காலின் பின்புறம் இடிக்கும். உடனே முன்னுக்கு நகர்ந்து விளிம்பில் இருப்போம். முதுகுச் சாய்வு வீணாகிவிடும். சரி, கதிரையைப் பதிப்போம் என்றால் மேசை 29 அங்குல உயரத்தில் அசையாமல் நிற்கிறது. தோளை உயர்த்தித் தட்டச்சு செய்ய வேண்டும். நாரியில் இருந்த நோ கழுத்துக்கு ஏறும்.

ஆகவே வாய் திறந்து கேளுங்கள் என்பதே எமது கருத்து. அகதியாக வந்த எம்போன்றோருக்குத் தந்ததை வாங்கிக்கொண்டு பேசாமலிருப்பது பழகிவிட்டது. வேலை விசாவில் வந்த பிள்ளைகளிடமும் அதே கூச்சத்தைக் காண்கிறோம். 2000 நவம்பரில் வந்த மத்திய அரசின் பணியிட விதியை 2001 மார்ச்சில் காங்கிரஸ் இரத்துச் செய்துவிட்டது. எனவே தானாகத் தேடிவந்து அளப்பார்கள் என்று இருக்க வேண்டாம். ஆனால் கேட்டால் பல கம்பனிகள் செய்து கொடுக்கின்றன.

பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு கால்மணை, கட்டையான தண்டுள்ள கதிரை, இருக்கையின் நீளத்தைக் குறைக்கும் வசதி. 1994இல் வந்த ஏரோன் கதிரை மூன்று அளவுகளில் கிடைக்கிறது, சிறியது 'ஏ'. முதுகைச் சாய்த்து இருக்கும்போது முழங்காலின் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கால்மணை வரும்வரை அச்சுத்தாள் கட்டு இரண்டைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.